நான்காவது பொத்தான்

பிப்ரவரி 3, 2004

தம்பி,

உறையின் மேல் கலைக்கூடத்தின் முத்திரையைப் பார்த்து, ஏதோ அலுவலகக் கடிதம் என்று நினைத்துப் பிரித்திருப்பாய். வேண்டுமென்றேதான் அதில் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாய் என்று பயம். உன் கல்யாணத்துக்கு நான் அனுப்பிய கடிகாரம் போன வேகத்தில் திரும்பி வந்தது நினைவிருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் தம்பியை ஏமாற்றிக் கடிதம் படிக்கவைக்க வேண்டியிருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர்க் கலைக்கூடத்தில் என் வேலைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். ஏழு அறைகள். லிஃப்டுக்குள் கேமராவைக் கட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க எடுத்தது, நாற்சந்தியில் நடந்துபோகிறவர்கள் எட்டு விநாடி கழித்துத் தங்களையே டிவியில் பார்க்கிற மாதிரி செய்தது, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த பன்னிரண்டு பெட்டிகள், எல்லாமே. உனக்குத் தெரியாததா? முதல் நான்கு அறைகளில் இருப்பவை எல்லாம் நீ ஒயர் போட்டுக் கொடுத்தவை. அந்தக் காலத்தில் "இதுல சினிமா வருமாம்மா?" என்று கேட்டு என்னைச் சுற்றி நின்று சிரித்த ஓவியர்களில் ஒருவர் இப்போது கண்காட்சி மலருக்கு வாழ்த்துரை எழுதியிருக்கிறார். வீடியோவைக் கையில் எடுத்த முன்னோடியாம் நான். அன்றைக்கு அந்த ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், அதற்குத் தனி டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் சண்டைக்கு வருவார். டிக்கெட் பரிசோதகர் மகள் என்று சொல்லியும் ஒருவரும் மசிந்ததில்லை.

ஐந்தாவது அறையில் 'இன்றும் நேற்றும்'. நீ அதைக் காட்சியாகப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். இரண்டு டிவி பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் நம் வீட்டு முன்னறை, ஜன்னலோரம் அப்பா. பக்கவாதம் வந்த பிறகு டாக்டர் சொன்ன பயிற்சிப்படி, இடது கையால் சட்டைக்குப் பொத்தான் போடுகிறார். ஒரு பெட்டியில் நேற்றைய அப்பா, மற்றதில் இன்றைய அப்பா. நேற்றைய அப்பா ஏழு பொத்தானையும் போட்டு முடிக்கிறார். இன்றைய அப்பா நான்காவதில் நிற்கும்போது படம் இருண்டுவிடுகிறது.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். ஒன்று, அந்தக் காலத்துப் பெட்டி இரண்டு வேண்டும். உன் கடையில் இருக்கும் என்று தெரியும். இன்னொன்று, அப்பாவின் உருவம் வருவதால் பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

பழைய டேப்புகள் எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஒரு பெரியவர் சின்ன அடுப்பு மாதிரி ஒன்றில் வைத்து, இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் காயவைத்து மீட்டெடுக்கிறார். உனக்குப் பிடித்த வேலை. எல்லாம் பிழைத்துவிட்டன. அன்றைய டேப்பும்தான்.

உன் மனைவியையும் மகளையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய கலைஞர் அவர்களுக்கு,

உங்கள் உறைத் தந்திரம் பலித்தது. மின்வாரிய நோட்டீஸ் என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

பழைய பெட்டிகள் என்னிடம் இருக்கின்றன. கடையின் பின்பக்கம் பதினாறு கிடக்கின்றன. இப்போதெல்லாம் தட்டையாக வருவதைத்தான் கேட்கிறார்கள், குழல் வைத்த பெட்டியை யாரும் சீந்துவதில்லை. ஆனாலும் அவற்றை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டாலும் போடுவேனே தவிர, உங்கள் ஐந்தாவது அறைக்கு அனுப்ப மாட்டேன். கையெழுத்தும் கிடையாது. தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஏன் என்று நீங்கள் கேட்க வேண்டாம். அப்பா நாலு பேர் முன்னால் கசங்கிய சட்டையோடு நிற்காதவர். அவர் பஸ்ஸில் ஏறினாலே டிக்கெட் எடுக்காதவன் கடைசிப் படியில் இறங்கி ஓடுவான். அந்த மனிதர் வாய் கோணி, ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டுவதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினீர்கள். அதில்தான் பெயர் வாங்கினீர்கள். பத்திரிகைக்காரன் ஒருவன் உங்களைக் கேட்டபோது "அப்போது உதவிக்கு ஒருவர் இருந்தார்" என்று சொன்னீர்கள். அந்த ஒருவர் நான்தான் என்று யாருக்கும் சொல்லிக்கொள்ள எனக்கும் விருப்பமில்லை, போகட்டும்.

அவர் உங்கள் ஒயர் தடுக்கித்தான் விழுந்தார். முன்னறையிலிருந்து பின்னறை வரைக்கும் பாம்பு மாதிரி இழுத்துப் போட்டிருந்தீர்கள். சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். நீங்கள் டீ டம்ளர் தட்டோடு நின்றீர்கள், வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா உங்களைப் பார்த்து "வெளிய போம்மா" என்று சொன்னபோதும் திறக்கவில்லை. மறுக்க ஏதாவது இருந்தால்தானே மறுப்பீர்கள்?

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் பாடப்புத்தகத்தில் உங்கள் படம் இருக்கிறது. "அப்பா, இவங்க நம்ம ஊராமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். இனிமேலும் அப்படியே இருக்கட்டும்.

'அன்றைய டேப்பும்தான்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எந்த டேப்? அன்றைக்கு நாலாவது பொத்தானோடு டேப் நின்றுபோனது என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லையே?

இப்படிக்கு,
டிவி மெக்கானிக்

*

பிப்ரவரி 20

தம்பி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அதற்கு மேலும் இருக்கிறது. டேப் நிற்கவில்லை. முழுசாக அரை மணி நேரம் ஓடியிருக்கிறது. நான்காவது பொத்தானில் இருட்டாக்கியது நான், காட்சிக்காக. உலகம் அதை மேதாவித்தனம் என்று சொன்னது. 'இன்று பாதியில் நிற்கிறது, நேற்று மட்டும் முழுமையடைகிறது' என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நானும் மேடையில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மீதி பதினாறு நிமிடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அப்பா போன ஒரு வாரத்தில், தோழி வீட்டுக் கூடத்தில், சத்தமில்லாமல். அதுவரைக்கும் நானும் ஒயர்தான் என்று நம்பினேன். அதனால்தான் அன்றைக்குத் தட்டோடு நின்றேன். ஆனால் டேப்பில் அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் ஒயரே இல்லை. நாற்காலியிலிருந்து இடது பக்கமாகச் சாய்ந்து, மெல்லச் சரிந்து, விரிப்பின் மேல் விழுகிறார். கை அசைகிறது. அப்புறம் நேரம் போகிறது. பதினோரு நிமிடம். அப்புறம் நீ வருகிறாய்.

இதை எழுத வேண்டாம் என்று மூன்று நாள் வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன். நீ முதலில் அப்பாவிடம் வரவில்லை. உன் கால்கள் நேராகக் கேமராவை நோக்கி வருகின்றன. உன் கை லென்ஸை மறைக்கிறது, ஒயரைப் பிடித்து ஆட்டுகிறது. அப்புறம்தான் கீழே பார்க்கிறாய். ஏன் அப்படி? நீ ஏன் முதலில் கேமராவிடம் வந்தாய்?

இப்போது கண்காட்சியை நடத்துகிற பெண் அந்த டேப்பை முழுசாகக் காட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். முப்பது வயதிருக்கும், நல்ல பெண். "இதுதான் உங்க ஒரிஜினல், இத்தனை வருஷம் பாதியத்தான் எல்லாரும் பாத்திருக்காங்க" என்கிறாள். டேப்பை மீட்டெடுத்த பெரியவர் பார்த்து முடித்துவிட்டு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான்.

உன்னைக் கேட்காமல் ஒரு நிமிடம்கூடக் காட்ட மாட்டேன். இதை மிரட்டல் என்று நினைத்துவிடாதே. அப்படித்தான் படிப்பாய் என்று தெரியும், ஆனாலும் வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அக்கா

*

மார்ச் 1

கடிதம் கிடைத்தது. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். யாருக்கும் எதுவும் காட்டாதே. கொஞ்சம் பொறு.

*

மார்ச் 9

அக்கா,

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியவில்லை. மேஜைக்கு எதிரே மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தால், எழுதுவதைப் படித்துவிடுவாளோ என்று கையால் மறைக்கத் தோன்றுகிறது. அவளுக்கும் ஒயர் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு நீ கிளம்பிப் போன பிறகு பத்து மணிக்கு எல்லாவற்றையும் ஆரம்பித்தேன். முன்னறையில் அப்பாவை உட்காரவைத்து, சட்டையை மாட்டிவிட்டேன். "நேத்து அந்த ஆளு எவ்வளவு நேரம்டா?" என்று கேட்டார். தன்னையே 'அந்த ஆளு' என்றுதான் சொல்வார், நினைவிருக்கிறதா? மத்தியானம் டேப்பைப் போட்டுக் காட்டினால் பொத்தானுக்குப் பொத்தான் விமர்சனம் பண்ணுவார். நீ சீட்டில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்து "இருபத்தஞ்சு நிமிஷம்பா" என்றேன். "இன்னிக்கு அவன ஒரு கை பாக்குறேன்" என்றார். பாதிச் சொல் வாயிலேயே குழைந்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டே பின்னறைக்கு வந்து, ஒரு ரெக்கார்டரில் இன்றையதைப் பதியவும், மற்றதில் நேற்றையதை ஓடவும் விட்டேன். கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலிக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மின்பலகையில் ஈயப் பற்று வைக்கிற வேலை பாக்கியிருந்தது, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இடது பெட்டியில் இன்று, வலது பெட்டியில் நேற்று. எப்போதும் அப்படித்தான் வைத்திருந்தோம். இடது பெட்டியில் படம் அவ்வப்போது மேலே உருளும், அதைத் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வலது பெட்டியில் அப்பா சரிந்தார். பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன் அக்கா. இடது பெட்டியில் அப்பா பாட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நேற்று அப்பா விழுந்திருக்கிறார், நேற்று நான் கடைக்குப் போயிருந்தேன், இவள் எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டாள் என்று. நிமிடம் போகப் போக ஆத்திரம் ஏறியது. தூக்கக்கூட வராமல் படம் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாளே, இவள் ஒரு பெண்ணா, பேயா என்று வாய்விட்டே திட்டினேன். நீ வந்ததும் எப்படிக் கேட்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்தேன். கையில் ஈயம் உருக்கும் கோல் சூடாக இருந்தது, வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. என் அப்பா தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு பலகைக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இடது பெட்டியில் படம் போய் வெறும் புள்ளியாகக் கொட்டியது. கேமரா போச்சு என்று நினைத்தேன். கேமராவைப் பார்க்கத்தான் அந்த அறைக்குப் போனேன். நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கேமராவைப் பார்க்கத்தான் போனேன்.

அங்கே அப்பா தரையில் கிடந்தார், வலது பெட்டியில் ஓடியதுதான் இன்று. பெட்டிகள் எப்படி மாறின என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. நானேதான் ஒயரை மாற்றிச் செருகியிருக்க வேண்டும். எப்போது, எப்படி என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோனதுதான் மிச்சம். அதற்கப்புறம் என் கையையும் கண்ணையும் நான் நம்பியதில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் அம்மா வீட்டில் இல்லாவிட்டால் தூக்க மாட்டேன். கடைக்கு எந்தப் பெட்டி வந்தாலும் பின்பக்கம் திறந்ததும் இடது, வலது என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைப்பேன். மற்ற மெக்கானிக்குகள் கிண்டல் பண்ணுவார்கள்.

சித்தப்பா "எப்படிப்பா விழுந்தாரு?" என்று கேட்டபோது நான் எதையும் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. "அக்கா ஒயர் தடுக்கி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன அடுத்த நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் எல்லாரும் உன் பக்கம் திரும்பினார்கள். என் பக்கம் யாரும் பார்க்கவில்லை. அந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூனிக் குறுகிப்போகிறேன். நீ மறுப்பாய், மறுத்தால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். நீ தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாய். பிறகு கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, சொல்லும்போது எனக்கே கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குப் பழகிவிட்டது.

கடிகாரத்தைத் திருப்பி அனுப்பியது கோபத்தில் இல்லை. அதைச் சுவரில் மாட்டினால் தினமும் பார்க்க வேண்டுமே என்றுதான்.

தாளை இன்னொன்று அனுப்பு. கையெழுத்துப் போடுகிறேன். முழுசாகக் காட்டச் சொல். எல்லாரும் பார்க்கட்டும், எனக்கு இது வேண்டும்.

தம்பி

*

மார்ச் 16

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. கலைக்கூடத்திலிருந்து ஃபோன் மேல் ஃபோன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ ஒயரை மாற்றவில்லை. நான்தான் மாற்றினேன்.

அன்றைக்குக் காலையில் நீ குளித்துக்கொண்டிருந்தாய். இடது பெட்டியில் படம் உருளுவது எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்றையது நல்ல பெட்டியில் தெரியட்டும் என்று பின்னால் இருந்த இரண்டு ஒயரையும் கழற்றி மாற்றிச் செருகினேன். இரண்டு நிமிட வேலை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், குளியலறைக் கதவு வரைக்கும் வந்தேன், தண்ணீர்ச் சத்தம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கலைச்சங்கத்து ஆள் ஒருவரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது, எனக்கு ஒரு மூலையாவது ஒதுக்குங்கள் என்று கெஞ்ச. போய்விட்டேன். அந்த ஆள் அன்றைக்கு வரவே இல்லை.

தோழி வீட்டில் டேப்பைப் பார்த்தேனே, அன்றைக்கே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உன் கால்கள் கேமராவை நோக்கி வந்ததுமே புரிந்துவிட்டது. நேற்றைய டேப் முடிந்து இடது பெட்டி காலியானதும், கேமரா போச்சு என்று வந்திருக்கிறாய். போன கடிதத்தில் 'ஏன் கேமராவிடம் வந்தாய்' என்று உன்னைக் கேட்டேன் பார், தெரிந்துகொண்டே கேட்டேன். நீ வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஆசை. முப்பத்தொரு வருஷம் கழித்தும் அந்த அற்பத்தனம் போகவில்லை.

ஒரு வரி எழுதியிருந்தால் உன்னை விடுவித்திருக்கலாம். 'ஒயரை மாற்றியது நான்' என்று ஒரு தபால் அட்டை போதும். ஏன் எழுதவில்லை என்று பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன் எனக்கே. நீ படிக்க மாட்டாய், உன் குடும்பத்தைக் கலைக்க வேண்டாம், அப்படி இப்படி. எல்லாம் சப்பைக்கட்டு. உண்மை இதுதான். நீ என் மேல் பொய்ப்பழி போட்டதால், நான் அநியாயமாகப் பழி சுமந்தவளாக இருக்க முடிந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. செய்யாத குற்றத்துக்காக வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. உன்னிடம் சொல்லியிருந்தால் நான் செய்த குற்றம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

நீ மகளைத் தூக்காமல் இருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை என்னால் இரண்டாவது முறை படிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த டேப்பை முதல் முறை பார்த்தபோது, அப்பா சரிகிற இடத்தில், அழுகைக்கு முன்னால் எனக்கு ஒன்று தோன்றியது. ஜன்னல் வெளிச்சம் விரிப்பின் மேல் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று. ஒரு நொடிதான். ஆனால் அதுதான் முதலில் வந்தது. என்னைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ஈரமான கண்' என்று எழுதும்போதெல்லாம் அந்த நொடியை நினைத்து எனக்கு உடம்பு கூசும். நீ என்னைப் பேய் என்று திட்டினாய். நேற்றைய டேப்புக்கு இல்லாவிட்டாலும், அன்றைய டேப்பை நான் பார்த்த விதத்துக்கு அது அப்படியொன்றும் தப்பில்லை.

டாக்டரிடம் நான் கேட்டேன். நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். உனக்கு நல்லதாக ஒரு பதில் எழுத வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, ஆனால் அவர் சொன்னது அவ்வளவுதான்.

தாள் அனுப்ப மாட்டேன். முழுசாகக் காட்டினால் பார்க்கிறவர்களுக்கு உன் கால்கள்தான் தெரியும், நான் ஒயர் மாற்றியது எந்த டேப்பிலும் இல்லை. மறுபடியும் நானே தப்பித்துக்கொள்வேன். வேண்டுமானால் ஐந்தாவது அறையையே பூட்டச் சொல்கிறேன். அல்லது நடந்தது முழுவதையும் அறை வாசலில் நானே எழுதி வைக்கிறேன், ஒயரை மாற்றியது யார் என்பது உட்பட. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. அப்படிக் கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதம் வந்து முதல் இரண்டு நாள் ஆத்திரம் தாங்கவில்லை. உன் வீட்டு வாசலுக்கு வந்து கத்த வேண்டும் போல இருந்தது. கடையில் ஒரு பெட்டியை எடுத்துத் தரையில் போட்டு உடைத்தேன். நல்ல வேளை, என்னுடையதுதான். முப்பத்தொரு வருஷம் அக்கா. என் கையை வெட்டிப் போடலாம் என்று எத்தனை நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாவது நாள் நிம்மதியாக இருந்தது. அப்படியொரு நிம்மதி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன், நான் இல்லை, நான் மாற்றவில்லை, என் கை தப்பு செய்யவில்லை என்று. வீட்டில் மனைவியும் மகளும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இருப்பது அவள் அத்தை என்பதிலிருந்து ஆரம்பித்து, நான் சொன்ன பொய், நீ மாற்றிய ஒயர், எல்லாம். வெட்கமில்லாமல் ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஒயர் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

மனைவி "இத்தன வருஷம் என்கிட்டயேவா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் மகள் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"சரிப்பா, ஒயர அத்தைதான் மாத்தினாங்க. தாத்தா நேத்து விழுந்தாருன்னுதான நீங்க நெனச்சீங்க. நேத்து விழுந்திருந்தாலும், எந்திரிச்சுப் போயி 'அடி பட்டுச்சாப்பா, இப்ப வலிக்குதா'ன்னு அவர ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அக்கா, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. இடதா வலதா, யார் மாற்றியது, எப்போது மாற்றியது என்றே என் புத்தி முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா விழுந்ததைப் பார்த்தேன். உன் மேல் கோபப்பட்டேன். உன்னைக் கேட்கப் போகும் கேள்விகளை எல்லாம் தயார் பண்ணினேன். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கதவைத் திறந்தால் பத்தடி. நேற்று விழுந்திருந்தால் என்ன, இன்று விழுந்திருந்தால் என்ன, அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மகளும் அதற்கப்புறம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் எப்போதும் போல என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதனால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அறையைப் பூட்ட வேண்டாம். அப்பா தரையில் கிடப்பதை மட்டும் யாருக்கும் காட்ட வேண்டாம். அவர் அதற்கு ஒருபோதும் சம்மதித்திருக்க மாட்டார். எப்போதும் போல நான்காவது பொத்தானில் இருட்டாக்கிவிடு. அந்தப் பெண் ஒற்றைக் காலில் நின்றால் நிற்கட்டும். கலைக்கூடத்துக்கே ஃபோன் போட்டுத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பெட்டிகள் இரண்டும் திங்கட்கிழமை லாரியில் வரும். இரண்டும் நன்றாக ஓடுகின்றன.

வாசலில் எழுதி வைக்கிறேன் என்றாயே, அதை மட்டும் நான் சொல்கிற மாதிரி எழுது:

'இதற்குப் பிறகு இவர் விழுந்தார். இவருடைய மகன் பக்கத்து அறையிலிருந்து அதை டிவியில் பதினோரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போகவில்லை.'

நீ ஒயர் மாற்றியதை அதில் எழுதாதே. உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அதை எழுதினால், படிக்கிறவர்கள் என்னை மன்னித்துவிடுவார்கள்.

தம்பி